கதவு திறந்திருக்கட்டும்

நவராத்திரி பிறந்துவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கொலுசுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பட்டுப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குங்குமச் சிமிழை ஏந்திக்கொண்டு ஐந்தாறு பெண் பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். “எங்க வீட்ல கொலு வச்சிருக்கோம், வாங்க ஆன்ட்டி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த படிக்கட்டுக்கு ஓட்டம். அவர்களுக்குப் பின்னால் பையன்கள், கையில் எவர்சில்வர் டப்பாவோடு. இன்று எந்த வீட்டில் கொண்டைக்கடலை, எந்த வீட்டில் காராமணி, எந்தப் பாட்டி பாடச் சொல்வார், எந்த அத்தை பாட்டு கேட்காமலேயே டப்பாவை நிரப்பிவிடுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் நாள் கொலுவன்று, இரவு ஏழரை மணிக்கு எதிர் வீட்டுப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார். “அண்ணா, பாப்பா இங்க வந்தாளா?” எட்டு வயதுக் குழந்தை. ஆறேகாலுக்குக் கிளம்பியவள். வந்தாள், சுண்டல் வாங்கினாள், போய்விட்டாள் என்றேன். பக்கத்து வீட்டில் கேட்டோம். அங்கேயும் அதே பதில். ஒவ்வொரு வீட்டிலும் “வந்தாளே, அப்பவே போயிட்டாளே” என்றுதான் சொன்னார்கள். அவளோடு போன பிள்ளைகள் பாதியில் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாற்பது நிமிடம் தெருவே அலைந்தது. ஒருவர் பிரதான சாலைக்கு ஓடினார். ஒருவர் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். அந்த வெளிச்சம் பள்ளத்துக்குள் இறங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு பிசைகிறது.

குழந்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். “சின்னதா ரோஸ் கலர் செருப்பு ஒண்ணு கடைசி வீட்டு மாடிப்படியில கெடக்குதே சார், அதான் பாருங்க” என்றார். மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு. கொசு வருகிறதென்று அவர் கதவைச் சாத்தியிருந்தார். உள்ளே கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்து, மளிகைக் கடையில் குட்டிக் குட்டித் தட்டுகளை அரிசி, பருப்பு, மிளகு என்று மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள் எங்கள் பாப்பா. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நேரம் போனதே தெரியவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. படியேறிப் போனவர்களில் ஒருவர் பதற்றத்தில் அந்தப் பாட்டியிடம், “குழந்தைய உள்ள வச்சுக்கிட்டு ஏன் கதவ சாத்துனீங்க?” என்று கேட்டுவிட்டார். கேட்ட தொனி சரியில்லை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சரஸ்வதி பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் அழுததாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் கொலு இல்லை. பாப்பாவையும் அதன் பிறகு அவள் அம்மா தனியாக அனுப்பவில்லை. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்று எங்கள் தெரு இரண்டு பேரை இழந்தது.

எங்கே தவறினோம் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் கவனக்குறைவா? இல்லை. நாங்களெல்லாம் வளர்ந்த அதே நம்பிக்கையில்தான் அவரும் அனுப்பினார். பாட்டியின் தவறா? இல்லவே இல்லை. அந்தப் பாட்டியின் தொலைபேசி எண் தெருவில் ஒருவரிடமும் இல்லை. பிள்ளைகள் யார் யாரோடு போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எந்த இரண்டு வீடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் குழந்தையைப் பார்த்தோம், சுண்டல் கொடுத்தோம். அவள் அடுத்து எங்கே போகிறாள் என்று பார்ப்பது தன் வேலை என்று நான் உட்பட ஒருவரும் நினைக்கவில்லை.

இந்த மாதிரி ஒரு மாலை வந்துபோனால் பல குடும்பங்களும் குடியிருப்புச் சங்கங்களும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: பிள்ளைகளை அனுப்பாதே. அழைப்பு வாட்ஸ்அப்பில் போகும், கொலு பொது அரங்கில் ஒன்றாக வைக்கப்படும், சுண்டல் பொட்டலமாக வீடு தேடி வரும். இப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் அந்தச் சுற்றில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது என்ன என்று பாருங்கள். தெரியாத வீட்டு வாசலில் நின்று தன் பெயரைச் சொல்வது, பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்வது, வேண்டாம் என்பதை முகம் கோணாமல் சொல்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வீட்டைத் தவிர இன்னும் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது. இருபது வீட்டை அறிந்த பிள்ளைக்கு ஆபத்து என்றால் ஓடிப்போய்த் தட்ட இருபது கதவு இருக்கிறது. ஒன்பது நாளும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்ட பிள்ளைக்கு அப்படி எந்தக் கதவும் இல்லை.

நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். முகம் தெரியாத ஆள் மிட்டாயில் விஷம் வைப்பான், பிளேடு வைப்பான் என்ற பயம் அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் பழைய செய்திகளையெல்லாம் தோண்டிப் பார்த்தார். வாசலுக்கு வந்த குழந்தைக்கு யாரோ ஒருவர் கொடுத்த விஷ மிட்டாயால் உயிர் போனதாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சஸில் சயனைடு கலந்த மிட்டாய் தின்று எட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதைக் கொடுத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய அப்பா. பிள்ளைகளின் உயிரை உண்மையில் பறித்தது வேறு. ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் 2019-ல் வந்த ஆய்வு, 42 ஆண்டு விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தது. மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் வாய்ப்பு 43 விழுக்காடு கூடுதல். நான்கிலிருந்து எட்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் பத்து மடங்கு. ஊரே மிட்டாயைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஆபத்து சாலையில் வந்துகொண்டிருந்தது.

இடம் தவறிய பயம் உயிரையே வாங்கும் என்பதற்கு நாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. 2018 மே மாதம் வடமாவட்டங்களில் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தியது. அதில் இருந்த 65 வயது அம்மாள் அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக ஊர் கூடி அடித்ததில் அவர் உயிர் போனது. குழந்தைக்கு இனிப்பு கொடுத்த பாட்டி! எங்கள் தெருப் பாட்டியிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அதே பயத்தின் சின்ன வடிவம்தான் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. 2007-ல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள் என்பதைப் ‘பையன்தானே, போகட்டும்’ என்பவர்கள் கவனிக்க வேண்டும். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள். 2018-ல் சென்னை அயனாவரத்தில், காவலாளியும் வாயிற்கதவும் உள்ள பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைந்த பதினொரு வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை மாதக்கணக்கில் வெளியே தெரியவில்லை. 17 பேர் மீது வழக்கு நடந்தது. 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குடியிருந்த இடம் அது.

அந்த வழக்கைப் படித்துவிட்டுக் காவலாளிகளையும் வேலைக்கு வருபவர்களையும் மொத்தமாகச் சந்தேகிப்பது அநியாயம். எங்கள் பாப்பாவின் செருப்பைக் கவனித்தவர் இஸ்திரி வண்டிக்காரர்தானே? தொழிலிலோ உடையிலோ ஆபத்து எழுதியிருப்பதில்லை. குழந்தையும் ஒரு பெரியவரும் மட்டும் இருக்கும் மூடிய அறை, யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்ற தைரியம், இவை சேரும் இடத்தில்தான் அது பிறக்கிறது. அந்த இரண்டையும் ஒரு தெரு நினைத்தால் ஒழித்துவிடலாம். கொலு வைத்திருக்கும் வீட்டில் வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். பெரிய மனிதர் வீடானாலும், பூஜை புனஸ்காரம் உள்ள வீடானாலும், சொந்தச் சித்தப்பா வீடானாலும் இது பொருந்தும். யாரையும் சந்தேகித்து இதைக் கேட்கவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே வழக்கம் என்று ஆகிவிட்டால் யாரையும் தனியாகச் சுட்டிக் கேட்க வேண்டிய நிலையே வராது. அந்தப் பாட்டியும் அழுதிருக்க மாட்டார். கொலு இல்லாத வீட்டுக்குள் பிள்ளைகள் போக வேண்டாம், அழைப்பை வாசலில் நின்றே சொல்லட்டும். இரண்டு பேராகவாவது போகட்டும்; ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகவே திரும்பட்டும்.

பிள்ளைகளிடமும் பேச வேண்டும், பயமுறுத்தாமல். ‘உள்ள ரூம்ல இன்னொரு பொம்மை இருக்கு, வா காட்டறேன்’ என்று யார் கூப்பிட்டாலும் ‘அம்மாவோட வரேன்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் ‘பெரியவங்க சொன்னா கேக்கணும்’ என்று வளர்த்த பிள்ளைக்கு இந்த ஒரு விலக்கை நாம்தான் வாய்விட்டுச் சொல்லித் தர வேண்டும். வந்து ஏதாவது சொன்னால் ‘சும்மா இரு, அந்த அங்கிள் அப்படியெல்லாம் இல்ல’ என்று வாயை அடைக்கக் கூடாது. குழந்தைகள் உதவிக்கென்றே 1098 என்ற இலவச எண் எந்த நேரமும் இருக்கிறது. சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், குடும்ப மானம் போய்விடும் என்று விஷயத்தை அமுக்குபவர்களுக்கும் ஒன்று: 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

இனி தெருவுக்கு வருவோம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் சென்னையில் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். பிள்ளைகள் கிளம்பும் நேரமும் வேலையிலிருந்து வண்டிகள் திரும்பும் நேரமும் இருட்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இருபுறமும் கார்கள் நிற்கும் தெருவில் குந்தி உட்கார்ந்து, எட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள்; பானெட்டும் டயரும்தான் தெரியும், வருகிற வண்டி தெரியாது. ஓட்டி வருகிறவருக்கும் பிள்ளை தெரியாது. எனவே அந்த ஒன்பது மாலைகளில் மட்டுமாவது காரை ஒரு பக்கமாக நிறுத்தலாம். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் இறங்கிப் பார்க்கலாம். சாப்பாடு கொண்டு வரும் டெலிவரித் தம்பிகளுக்கும், ‘இங்க கொலு, கொழந்தைங்க ஓடுதுங்க, மெதுவா வாப்பா, லேட்டானா நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்’ என்று ஆர்டர் போடுபவரே சொல்லிவிடலாம். அந்தப் பையன் பறப்பது நம் பத்து நிமிட அவசரத்துக்காகத்தான். பதினாலு வயது அக்கா தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கொலு அழைக்கப் போகும் காட்சியையும் பார்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதற்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு.

மழை வேறு சேர்ந்துகொள்ளும். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், வீட்டுக்குப் பக்கத்தில் தேங்கிய நீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். தெருவில் மூடியில்லாத மின்பெட்டி இருக்கிறதா, தரையில் கேபிள் வெளியே தெரிகிறதா, எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை, எந்தப் பள்ளம் மூடவில்லை என்று கொலுவுக்கு ஒரு வாரம் முன்பே நான்கு பேர் நடந்து பார்த்துவிடலாம். தெருவிளக்குக்கும் பள்ளத்துக்கும் மாநகராட்சியின் 1913, மின்பெட்டிக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. ஒருவர் புகார் கொடுத்துவிட்டு மறந்துபோவது நம் வழக்கம். பத்து வீட்டிலிருந்து பத்துப் புகார் போனால் நிலைமை வேறு.

நாய் வளர்ப்பவர்கள் அந்த மாலைகளில் அதை உள் அறையில் கட்டிவையுங்கள். ‘எங்க டாமி ஒண்ணும் பண்ணாது’ என்ற வாக்கியம் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் ஆகாது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய இரண்டு ராட்வைலர்களும் ஒரு வீட்டில் வளர்ந்தவைதான். கடி பட்டுவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசி இலவசம். நகக்கீறல்தானே என்று பிள்ளை மறைத்துவிடும். திட்டாமல் கேட்டால்தான் சொல்லும்.

வேர்க்கடலைச் சுண்டல் வைக்கும் வீட்டில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதை நினைவில் வைத்துக் கேட்டுக் கொடுப்பதும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு முழுக் கடலையை மசித்துக் கொடுப்பதும், குத்துவிளக்கைப் பாவாடை படாத உயரத்தில் வைப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

கொலுவை வைத்து இவ்வளவும் சொன்னேன். டிசம்பரில் நள்ளிரவுவரை கேரல் பாடிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கும், விநாயகர் சதுர்த்திக்கு உண்டியல் குலுக்கி வரும் பையன்களுக்கும் இதே தெருதான், இதே இருட்டுதான். பள்ளியிலிருந்து நன்கொடைச் சீட்டைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பும் வழக்கம் மட்டும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கொலுவுக்குப் போகும் பிள்ளை தெரிந்த தெருவில், கூட்டாளிகளோடு, சந்தோஷமாகப் போகிறது. சீட்டு நிரப்பப் போகும் பிள்ளை இலக்கை எட்ட வேண்டும் என்ற பயத்தில், தெரியாத தெருவில், கையில் பணத்தோடு தனியாகப் போகிறது. அதைப் பள்ளிகள் நிறுத்திவிட வேண்டும். பெற்றோர் ஒன்றாகப் போய்க் கேட்டால் நிறுத்துவார்கள்.

இஸ்திரி வண்டிக்காரரின் மகளுக்கும் காவலாளியின் மகனுக்கும் சுண்டல் தனியாகக் கீழே போய்ச் சேரும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களும் படியேறி வந்து பொம்மை பார்க்க வேண்டும். சில பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு மற்ற பிள்ளைகளை மட்டும் பாதுகாக்கும் தெரு என்று ஒன்று கிடையாது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகள்தான் ‘அவளைக் காணோம்’ என்று முதலில் ஓடிவந்து சொல்வார்கள்.

சென்ற ஆண்டு மகாளய அமாவாசைக்கு முந்தைய ஞாயிறு காலை, எங்கள் தெருக்காரர்கள் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் கூடினோம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பேச்சு. கொலு வைக்கும் வீடுகளின் பட்டியலும் எண்களும் ஒரே தாளில். பிள்ளைகள் சுற்றும் நேரம் ஆறிலிருந்து ஏழரை. அந்த நேரத்தில் தெருவின் இரு முனையிலும் முறை வைத்து இருவர் நாற்காலி போட்டு உட்கார்வது. திறந்த கதவு. முடிந்ததும் நாலைந்து பேர் கடைசி வீட்டு மாடிக்குப் போனோம். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவரும் வந்தார். “அம்மா, அன்னிக்கு நான் கேட்டது தப்பு” என்றார். பாட்டி, “பதறாம என்ன செய்வே, பிள்ளையாச்சே” என்றார். பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஐந்தாம் நாள் மாலை தெருமுனையில் என் முறை. ஏழு மணிக்கு எழுந்து ஒரு நடை போய்ப் பார்த்தேன். பாட்டி வீட்டுக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளேயிருந்து, யார் கடைக்காரர், யார் சாமான் வாங்க வந்தவர் என்று ஒரே சண்டை. பாப்பாவின் குரலும் அதில் கேட்டது. படியில் பதினொரு ஜோடி சின்னச் செருப்புகள் கிடந்தன.